பதினொரு நாள்

முதலாளி வருடத்தில் பதினொரு நாள் வருவார்.
மிச்ச நாளெல்லாம் படகு எங்களுடையது,
வெள்ளைச் சோபாவில் மட்டும் உட்காரக் கூடாது.

விடிவதற்குள் தேக்குத் தளத்தைக் கழுவியாக வேண்டும்.
வெயில் ஏறினால் உப்பு காய்ந்து
கண்ணாடியெல்லாம் தேமல் பூத்துவிடும்.
நல்ல தண்ணீர், மான்தோல், மறுபடி நல்ல தண்ணீர்.
கைப்பிடிக் கம்பியில் விரல் பட்டால்
விரலுக்கு ஒன்றுமில்லை, கம்பியைத் துடை.
டொமினடோர் சொல்வான், செபுத் தீவுக்காரன், எங்கள் மேஸ்திரி:
"நல்ல வேலைக்காரன் இருந்தால்
படகில் ஆளே இல்லாத மாதிரி இருக்கும்."
எட்டு வருஷமாக நான் நல்ல வேலைக்காரன்.

மூன்றாம் நாள்.
தஞ்சோங் தோக்கோங் துறையை விட்டு
கால்வாய் வழியே தெற்கே இறங்கினோம்.
இடப்பக்கம் பட்டர்வொர்த். பதினாலாவது மாடி.
கொடியில் என் மஞ்சள் சட்டை.
லோகா போன் அடித்தாள்.
"தெரியுது. வெள்ளையா, பல்லு மாதிரி.
நீ எங்க நிக்கிற?"
முன்பக்கம், கம்பி ஓரம், கை ஆட்டறேன் பாரு.
"படகுதான் தெரியுது. ஆளைக் காணோம்."
பாலத்தின் நிழல் எங்கள் மேல் ஒரு நொடி ஈரத்துணி போட்டு எடுத்தது.
சிக்னல் போய்விட்டது.

தெலுக் கும்பார் தாண்டி
இடது இயந்திரம் முனகி நின்றது.
கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கினேன்.
பினாங்குக் கடல் விளம்பரத்தில்தான் நீலம்,
உள்ளே தே தாரிக்.
தண்டில் வலை, பச்சைக் கயிறு,
அவசரத்தில் பின்னிய சடை போல இறுகி.
அதற்குள் ஒரு செனாங்கின் மீன்,
இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்த வாய்.
தலைக்கு மேலே தளத்தில் பாட்டு.
தும், தும்.
மூச்சு முட்ட மேலே வருவேன், போவேன், அறுப்பேன்.
மீனை விட்டேன். மிதந்துதான் போனது.

ஏறி வந்தபோது பக்கத்தில் ஒரு சம்பான்.
என் வயசு இருக்கும் அவனுக்கு,
சாயம் போன பந்தாட்டச் சட்டை.
கறுப்புக் கொடி கட்டியிருந்தேனே, பார்க்கவில்லையா என்றான் மலாயில்.
கேப்டன் குனிந்து ஆங்கிலத்தில் சொன்னார்:
அடையாளம் எதுவும் இல்லை,
தவறு அவனுடையது,
நஷ்ட ஈடு கேட்கவேண்டியது நாம்தான்,
இதை அப்படியே சொல்.

நான் திரும்பினேன்.
என் தாடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.
"மன்னிப்புக் கேட்கிறார்" என்றேன்.

அவன் கேப்டனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"இத்தனை நீளமாகவா?"

வலை என்ன விலை என்றேன்.
சொன்னான். என் இருபது நாள்.
நம்பர் கொடுத்தேன். பெயர் கேட்டான்.
நந்தகோபன் என்பதற்குள் டொமினடோர் இயந்திரத்தை உசுப்ப,
அவன் காதுக்கு எட்டவில்லை.
போனில் அவனே ஏதோ பதிந்து உயர்த்திக் காட்டினான்:
காப்பால் பூத்தே. வெள்ளைக் கப்பல்.
கப்பல் இரண்டு பேருக்கும் ஒரே சொல்,
அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் துண்டுகளைச் சுருட்டி நீட்டினேன்.
விருந்துக்கு வந்த ஒரு பெண்மணி
என் நகக்கண்ணில் என்ன அந்தப் பச்சை என்றாள்.
இந்தப் படகில் என் கையை ஒருவர் பார்ப்பது முதல் தடவை.
பெயிண்ட் என்றேன்.
ஒரு இழைதான். ஊசியால் நோண்டியும் வரவில்லை.

ராத்திரி எல்லோரும் தூங்கியபின்
நங்கூரக் காவலில் இருந்தேன்.
போன் அடித்தது. தெரியாத எண்.
பின்னால் குழந்தை அழும் சத்தம், தொலைக்காட்சி.

"கப்பலா?" என்றது குரல்.

சோபாவைப் பார்த்தேன்.
நின்றுகொண்டே சொன்னேன், ஆமாம்.